பாளையங்கோட்டையில் ஒரு சோர்வுச் சோதனைக்கூடம்: எங்கள் பட்டறையின் அனுபவம்

பணகுடியில் கண்ணாடி இழையையும் கார்பன் இழையையும் ரெசின் என்ற பிசினில் தோய்த்துக் குழாய்களாகச் சுற்றித் தரும் சிறு பட்டறை எங்களுடையது. வாசலில் நின்றால் மகேந்திரகிரி தெரியும். அங்குள்ள இஸ்ரோ வளாகத்தில் பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்ட என்ஜினுக்கான கார்பன்-கார்பன் நாசில் (கார்பன் இழையைக் கார்பனிலேயே பொதித்துச் செய்த, எரிவாயு வெளியேறும் குழல்) 2024 ஏப்ரல் 2 அன்று 200 வினாடி சோதனையில் 1216 கெல்வின் வெப்பத்தைத் தாங்கியது என்ற செய்திதான், ராக்கெட் மோட்டார் உறைக்கான (எரிபொருள் உள்ளே எரியும் கூட்டுக்கான) மாதிரிகளைச் செய்து பார்க்கும் துணிவை எங்களுக்குத் தந்தது.

சுமையை மீண்டும் மீண்டும் ஏற்றியிறக்கினால் ஒரு மாதிரி எத்தனை சுற்று தாங்கும் என்று பார்ப்பதுதான் சோர்வுச் சோதனை. அதற்காக முதலில் வேறொரு வெளியூர்க் கூடத்துக்கு மாதிரிகளை அனுப்பி ஏமாந்தோம். வேலையைச் சீக்கிரம் முடிக்க அவர்கள் 15 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 15 சுற்று வேகத்தில், ஓட்டியதில், இழைகள் 45 பாகைச் சாய்வில் அமைந்த துண்டுகள் உள்ளுக்குள் சூடேறி, ரெசின் இளகி, உரிய சுற்றுக்கு முன்பே கிழிந்துவிட்டன. அது சோர்வால் வந்த முறிவன்று, சூட்டால் வந்தது.

அடுத்துப் போன பாளையங்கோட்டைக் கூடத்தில், விலை சொல்வதற்கு முன்பே பொறியாளர் கேட்ட கேள்வி, “இந்த உறைக்குள்ள அழுத்தம் எத்தனை தடவை ஏறி இறங்கும், சார்?” என்பதுதான். பக்கத்து ஊர்களில் சுழலும் காற்றாலை இறக்கைகள் கோடிக்கணக்கான சுற்றுகளைக் காண்பவை. மோட்டார் உறையோ தாங்குதிறன் சோதனைகளிலும் ஒருமுறை எரிதலிலுமாகச் சில தடவைகளே, ஆனால் உச்ச அழுத்தத்தில் விரிகிறது. ஆகவே பத்து லட்சம் சுற்று கேட்டுப் போன எங்களை, 5 ஹெர்ட்ஸில் அதற்கு 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் எடுத்துச் சொல்லி, உயர்ந்த சுமையில் குறைந்த சுற்றுகளுக்கு மாற்றினார்.

ஏஎஸ்டிஎம் டி3479 என்ற தரச் சோதனை முறைப்படி இழுவைச் சுமையில் நடந்த சோதனை முழுவதும் ஒவ்வொரு துண்டிலும் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஒட்டியிருந்தது. நடுவில் நிறுத்தி, ஒரு கண்ணாடி இழைத் துண்டை விளக்கொளியில் பிடித்துக் காட்டினார்கள்: ஓரத்தில் நகக்கீறல் போன்ற வெண்கோடுகள், ரெசின் விரிசல்கள். துண்டு உடையாமலேயே விறைப்புக் குறைந்துவருவதையும் வரைபடத்தில் காண முடிந்தது. எட்டுத் துண்டுகளில் இரண்டு, எந்திரம் துண்டைக் கவ்வும் கிரிப்பின் விளிம்பிலேயே முறிந்தன. அவற்றைக் கணக்கில் சேர்க்காமல், காரணம் எழுதிய சீட்டுடன் திருப்பித் தந்தார்கள். கிரிப் கவ்வுவதற்காகத் துண்டின் முனையில் நாங்கள் ஒட்டிய பிடித்தகட்டின் விளிம்பு செங்குத்தாக இருந்ததே பிழை. இந்த நேர்மைக்காகவே கூடுதல் கட்டணத்தை மனமாரக் கொடுத்தேன்.

குறைகளும் உண்டு. மூலத் தரவைக் கேட்டு வாங்கப் பத்து நாள் ஆனது. குழாய்க்குள் நீரழுத்தத்தை ஏற்றியிறக்கிச் சோதிக்கும் வசதி அங்கில்லை. இழைகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் வளைந்த உறையின் நடத்தையைத் தட்டைத் துண்டின் முடிவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆகவே உறை செய்வோர் இதை ரெசினையும் இழை அடுக்கையும் தேர்ந்தெடுக்க மட்டும் பயன்படுத்துவது நல்லது. தகட்டு விளிம்பைச் சரித்துத் தேய்த்த புதிய ஆறு துண்டுகளைச் சென்ற வாரம் அதே கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.