மயாமியா, டோக்கியோவா?

அக்கா மகன் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' என்ற கார் பந்தயப் பட வரிசையின் முதல் படத்தைப் பார்த்து முடித்த கையோடு "அடுத்தது எது மாமா?" என்றான். மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறான், இருப்பது ஒரு ராத்திரி. வரிசைப்படி 2003-இல் வந்த, மயாமியில் நடக்கும் '2 ஃபாஸ்ட் 2 ஃப்யூரியஸ்' படத்தைத்தான் போட்டிருக்க வேண்டும். நான் அதைத் தாண்டிப் போய் 2006-இல் வந்த 'டோக்கியோ டிரிஃப்ட்' போட்டேன். இரண்டையும் பல தடவை பார்த்தவன் என்பது மட்டும்தான் என் தகுதி.

மயாமி படத்தை முதலில் பேசிவிடலாம், சீக்கிரம் முடிந்துவிடும். முதல் படத்தில் கலக்கிய வின் டீசல் இதில் இல்லை. அந்தக் குறையை ஓரளவு மறைப்பது பால் வாக்கருக்கும் டைரீஸ் கிப்சனுக்கும் நடக்கும் வாய்ச்சண்டைதான். டைரீஸ் வாயைத் திறந்தாலே சிரிப்பு வருகிறது. முதல் பந்தயத்தில் நான்கு கார்கள், ஆளுக்கொரு நிறம், திறந்து நிற்கும் பாலத்தின் மேல் ஒரு தாவல் என்று ஆரம்பமே திருவிழா. ஒரே கிடங்கிலிருந்து நூற்றுக்கணக்கான கார்கள் பீறிட்டுக் கிளம்பிப் போலீஸைக் குழப்பும் இடம் இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது. கடைசியில் காரைப் பறக்கவிட்டு நேராகப் படகின் மேல் இறக்குகிறார்கள், சரி, விடுங்கள். வசூலில் இதற்குத்தான் வெற்றி: உலகம் முழுக்க 23 கோடி டாலருக்கு மேல். டோக்கியோ படம் 15 கோடியைத் தாண்டியதோடு நின்றுவிட்டது.

ஆனால் நான் பார்ப்பது வேறு. யார் ஜெயிப்பார் என்று தெரிந்த பிறகு, மூன்றாவது தடவை பார்க்கும்போது பந்தயத்தில் என்ன மிச்சமிருக்கிறது? மயாமியில் பொத்தானை அமுக்கினால் எஞ்சினுக்கு வேகமூட்டும் நைட்ரஸ் வாயு பாய்கிறது, வெளியே விளக்குகள் கோடுகோடாக நீள்கின்றன, கார் முன்னே போய்விடுகிறது. கியரை எத்தனை முறைதான் மாற்றுகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறேன். ஓட்டுகிறவர் என்ன செய்து ஜெயித்தார் என்று கேட்டால் பொத்தானைச் சரியான நேரத்தில் அமுக்கினார் என்பதற்கு மேல் பதில் இல்லை.

டோக்கியோவில் அதற்குப் பதில் இருக்கிறது. நேர்சாலையில் விரட்டியே பழகிய அமெரிக்கப் பையன் ஷான், வந்த சூட்டோடு, அங்கே பழக்கமான ஹான் என்பவன் கொடுத்த நிசான் சில்வியா காரில் பந்தயத்துக்கு இறங்குகிறான். இடம் பல மாடிக் கார் நிறுத்துமிடம், ஒவ்வொரு வளைவும் ஊசி முனை. டிரிஃப்ட் என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. தூண், சுவர் ஒன்றையும் விடாமல் இடித்துக் காரைக் குப்பையாக்குகிறான். பின்சக்கரங்களின் பிடியை வேண்டுமென்றே விடுவித்து, வண்டி ஒரு பக்கம் சறுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, ஆக்சிலரேட்டரை அளந்து கொடுக்க வேண்டும் என்பதை அதற்கப்புறம்தான் கற்றுக்கொள்கிறான், அதுவும் ஹானிடம் பட்ட கடனுக்கு வேலை செய்துகொண்டே. துறைமுகத்தில் அவன் தடுமாறுவதைப் பார்த்துக் குறை சொல்லும் மீன்பிடிக்காரர்களில் ஒருவர் கேய்ச்சி சுச்சியா, 'டிரிஃப்ட் கிங்' என்று பெயரெடுத்த நிஜ ஆள். அந்தக் கேலிக்காகவே ஒரு தடவை பார்க்கலாம். அப்புறம், நொறுங்கிப்போன அதே சில்வியாவின் எஞ்சின்தான் அப்பாவின் 1967 மஸ்டாங்குக்குள் ஏறிக் கடைசி மலைப் பந்தயத்தில் ஓடுகிறது. முதல் தோல்வி வீணாகப் போகவில்லை என்பதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை, பானெட்டுக்குள் இருக்கிறது.

நான் ஓட்டுவது பழைய ஆல்டோ. கைப்பிரேக்கை இழுப்பது மேட்டில் நிறுத்த மட்டுமே. அதனால் அந்தச் சறுக்கல்களில் எது அசல் வித்தை, எது கேமரா தந்திரம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பார்க்கும்போது வண்டிக்கு எடை இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஷானாக வரும் லூகாஸ் பிளாக்கைப் பள்ளி மாணவன் என்று நம்பப் பெரிய மனது வேண்டும். காதல் கதை ஒப்புக்குச் சப்பாணி. ஷிபுயா சந்திப்பில் கூட்டம் விலகி வழிவிடும் இடத்தில் கிராஃபிக்ஸ் பல்லிளிக்கிறது. வெளியூர்ப் பையன் வந்து உள்ளூர்க்காரர்களை அவர்கள் வித்தையிலேயே ஜெயிக்கும் கதை இன்று கொஞ்சம் உறுத்தவும் செய்கிறது. இத்தனையையும் மறக்கடிப்பவர் ஹானாக வரும் சங் காங். எப்போது பார்த்தாலும் எதையாவது கொறித்துக்கொண்டு, அலட்டிக்கொள்ளாமல் நிற்கும் அந்த ஆள் இதில் செத்துப்போன பிறகும் அடுத்த மூன்று படங்களில் இருக்கிறார். அதற்காகவே அந்த மூன்றின் கதையையும் இதற்கு முன்னால் நடந்ததாக வைத்துக்கொண்டார்கள்.

படம் முடிந்ததும் பையன் ஆல்டோ சாவி எங்கே என்று கேட்டான். கொடுக்கவில்லை. மயாமியை அடுத்த லீவுக்கு வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இரண்டையுமே நான் தியேட்டரில் பார்த்ததில்லை. அந்தப் பாலத் தாவலைப் பெரிய திரையில், விசில் சத்தத்தோடு பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.