சாரலுக்கு மூடுகிற கிளப்புக்கு வருடச் சந்தா

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குப் போகிற வழியில், தென்னந்தோப்பு தாண்டி உள்ளே திரும்பினால் ஒரு பூப்பந்து கிளப் இருக்கிறது. பெயர் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன், நாளைக்குச் சாயங்காலம் மறுபடி அங்கேதான் போய் பேட்டைத் தூக்க வேண்டும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எது என்று சொல்லாமலே தெரியும்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அதோடு போகலாம். ஆட்டத்துக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விதத்துக்கும் அஞ்சுக்கு நாலரை. நிர்வாகத்துக்கு ரெண்டு, அதுவும் தரையை ரோலர் போட்டு வைத்திருப்பதற்காக. மாதச் சந்தா என்ற பேச்சே கிடையாது, வருடத்துக்கு மொத்தமாக வாங்கிவிடுவார்கள், ஆனால் ஜூன் பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் இங்கே வலையைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். ஆகஸ்ட் வரைக்கும் கொட்டகையில் கேரம் போர்டு மட்டும்தான். ஊருக்கெல்லாம் சீசன், எங்களுக்கு மட்டும் லீவு. அந்த மூணு மாதத்துக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள். கேட்டால் "தம்பி, மழையை நாங்களா பெய்யச் சொன்னோம்?" என்பார் பெருசு ஒருத்தர். அதுக்கு என்ன பதில் சொல்ல?

ஷட்டில் மட்டும் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் ஆட்டத்தைப் பற்றி. பூப்பந்து, அதாவது பால் பேட்மிண்டன், நம்ம ஊர் ஆட்டம். தஞ்சாவூர் அரண்மனையில் 1856 வாக்கிலேயே ஆடினார்கள் என்பார்கள். அகில இந்தியச் சம்மேளனம் 1954-இல் வந்தது. 1970-இல் ஜே. பிச்சையா இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருதே வாங்கியிருக்கிறார், இன்றைக்கு ஷட்டில் ஆடுகிற பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முழிக்கும். பக்கத்துக்கு அஞ்சு பேர்: முன்னால் ரெண்டு, நடுவில் ஒருத்தர், பின்னால் ரெண்டு. கோர்ட் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். பந்து மஞ்சள் கம்பளி நூலில் சுற்றினது, எடை 27-லிருந்து 30 கிராம். ஷட்டில் காக் அஞ்சு கிராம் சொச்சம்தான். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எங்கள் கதை முழுக்க இருக்கிறது.

ஏனென்றால் இங்கே காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து இறங்குகிற காற்று வைகாசி கடைசியில் ஆரம்பித்தால் ஆடி முடிகிறவரைக்கும் மொட்டை மாடியில் ஒரு துணி நிற்காது. மற்ற மாதங்களிலும் சாயங்காலமானால் மலையிலிருந்து ஒரு தள்ளு தள்ளும். வெளியில் ஷட்டில் ஆடினால் காக் பக்கத்துத் தோப்பில்தான் போய் விழும். கம்பளிப் பந்து அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் சும்மா போகாது, கொஞ்சம் ஒதுங்கிப் போகும். எவ்வளவு ஒதுங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவன்தான் இங்கே நல்ல ஆட்டக்காரன். மேற்குப் பக்கம் நின்று ஆடுகிறவர்கள் தூக்கி அடிக்கக் கூடாது, பந்து எல்லைக்கு வெளியே போய்விடும். கிழக்குப் பக்கம் நிற்கிறவர்கள் எவ்வளவு பலமாக அடித்தாலும் நடுவிலேயே சொத்தென்று விழும். டாஸ் ஜெயித்தால் இங்கே சர்வீஸ் கேட்கிற ஆள் கிடையாது, மேற்குப் பக்கம்தான் கேட்பார்கள். மதுரையிலிருந்து நல்ல டீம் ஒன்று ஒரு மே மாதப் போட்டிக்கு வந்து, முதல் செட் முழுக்க பந்தை எங்கள் தலைக்கு மேலே வெளியே அனுப்பிவிட்டு நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தூறலில் இந்தப் பந்து என்ன ஆகும் என்று ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மேலே இருக்கிற கம்பளி ரோமம் முதலில் தண்ணீரைப் பிடிக்காது, சின்னச் சின்ன மணியாக மேலேயே நிற்கும், விரலால் தட்டினால் தெறிக்கும். நாலஞ்சு அடி வாங்கினதும் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் பேட்டில் படும்போது 'டங்' என்ற சத்தம் போய் 'தொப்' என்று கேட்கும், நரம்பு தளர்ந்துபோகும், மணிக்கட்டு அன்றைக்கு ராத்திரி வலிக்கும். காய வைத்தாலும் அந்தப் பந்து பழைய பந்து ஆகாது, ஒரு பக்கம் கனத்து உருளும். அதனால் வலையைச் சுருட்டுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் சண்டை சந்தாவோடுதான், மழையோடு இல்லை.

சரி, கிளப் எப்படி இந்த நிலைமைக்கு வந்தது என்று தெரிந்தால்தான் சேரலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண முடியும். நான் சின்னப் பையனாக பந்து பொறுக்கப் போன காலத்தில் பாதி ஆட்டக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாக்காரர்கள். ஆரியங்காவு, தென்மலை, ஒன்றிரண்டு பேர் புனலூரிலிருந்தே. மீட்டர் கேஜ் ரயில் வண்டியில் வந்து, ஆடி முடித்து, பிரானூர் பார்டரில் பரோட்டா தின்றுவிட்டுப் போவார்கள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, செங்கோட்டையே முன்னால் திருவிதாங்கூர்தானே, 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. ஊர் நுழைவில் இருக்கிற வளைவில் இன்னும் சங்கு முத்திரை இருக்கிறது. கோர்ட்டில் ஸ்கோர் தமிழில் சொன்னால் சேட்டன்மார் மலையாளத்தில் திருத்துவார்கள், சண்டை மட்டும் ரெண்டு மொழியிலும் நடக்கும். அவர்கள் பந்தை வெட்டி அடிப்பதில் கெட்டிக்காரர்கள். பேட்டைச் சாய்த்து அடிப்பக்கம் ஒரு சீவு சீவினால் கம்பளி சுழன்று வலையைத் தாண்டினதும் செத்து விழும். எங்கள் ஆட்கள் பலத்தை நம்பினவர்கள். ரெண்டும் கலந்த டீம்தான் அந்தக் காலத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தது.

2010 செப்டம்பரில் அகலப் பாதை வேலைக்காக வண்டியை நிறுத்தினார்கள். அடுத்த சீசனிலேயே ஆள் குறைந்தது தெரிந்தது. பஸ் இருக்கிறதுதான், ஆனால் ஆட்டம் முடிந்து ஏழரை மணிக்கு மேல் மலை ஏறிப் போகிற பஸ்ஸை நம்பி எவன் வருவான்? முதலில் வாரம் ஒரு நாள் ஆனது, அப்புறம் போட்டி நாளுக்கு மட்டும். வெட்டி அடிக்கிற கை போனதும் எங்கள் டீம் மாவட்டப் போட்டிகளில் முதல் சுற்றைத் தாண்டவே திணறியது. நான் அந்த வருடங்களில்தான் பெரியவர்கள் பக்கம் ஆடத் தொடங்கினேன், தோற்பது எப்படி என்று நன்றாகவே தெரியும். மறுபடி முழுப் பாதையிலும் வண்டி ஓடினது 2018-இல். அதற்குள் அந்தப் பக்கத்துப் பெருசுகளுக்கு முட்டி போய்விட்டது. ஆனாலும் அவர்கள் தங்கள் பையன்களை அனுப்பினார்கள். அதே வருடம் ஆகஸ்டில் கேரளாவில் வெள்ளம். எங்கள் ஆட்கள் அந்த வருடப் பரிசுக்கு வசூலித்த பணத்தை அப்படியே அரிசியும் போர்வையுமாக வாங்கி வண்டி ஏற்றினார்கள். கோப்பை இல்லாத வருடம் அது. இந்த நிர்வாகத்தை நான் எவ்வளவு திட்டினாலும் அதை மறக்க மாட்டேன்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது எங்களுக்கு ஒரு சின்ன லாபம், மாவட்டப் போட்டிக்குத் திருநெல்வேலி வரைக்கும் விடிகாலையில் கிளம்ப வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷம் நாலு மாதம்கூட நிற்கவில்லை. 2020 மார்ச்சில் எல்லாம் மூடினது, புளியரை செக்போஸ்ட்டில் இ-பாஸ் இல்லாமல் ஒரு ஈ நுழைய முடியாது. அந்தப் பக்கத்துப் பையன்கள் போனில் மட்டும் இருந்தார்கள். கோர்ட்டில் நெருஞ்சி முளைத்தது. திறந்தபோது பாதிப் பேர் வரவில்லை. சிலருக்கு உடம்பு, சிலருக்குப் பிழைப்பு.

அந்த நேரத்தில்தான் பெரிய சண்டை வந்தது. மரக்கடை முதலாளி ஒருத்தர் முன்வந்து, இந்த மண் தரையைத் தூக்கிவிட்டு கான்கிரீட் போட்டு, மேலே ஷெட் அடித்து, உள்ளே ஷட்டில் கோர்ட் ஆக்கலாம், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடலாம், கிளப்புக்கும் வருமானம் என்றார். யோசித்துப் பார்த்தால் தப்பான யோசனை இல்லை. சுற்றிலும் எல்லா ஊரிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது, சாரலுக்கும் கவலை இல்லை, ஐ.டி. வேலையை வீட்டிலிருந்து பார்த்த பையன்கள் எல்லோரும் ஷட்டில்தான் கேட்டார்கள். பொதுக்குழு கூட்டினார்கள். பெருசுகள் ஒரே பிடியாக நின்றார்கள்: மண் தரையில்தான் முட்டி தாங்கும், கூரை போட்டால் காற்று போய்விடும், காற்று போனால் இங்கே ஆடி என்ன பிரயோஜனம். கடைசிக் காரணத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கை தூக்கும்போது அவர்கள் பக்கம்தான் தூக்கினேன். நூலிழையில் மண் தரை ஜெயித்தது. தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு போய் ரோட்டு மேலேயே தனியாக ஒரு ஷட்டில் ஹால் கட்டிவிட்டார்கள். இன்றைக்கு அங்கே ஏழு மணிக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. இங்கே தாராளமாகக் கிடைக்கும்.

ஆள் குறைந்ததால் ஒரு நல்லதும் நடந்தது. காலியாகக் கிடந்த சாயங்கால நேரத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார்கள். பழைய ஆட்டக்காரர் ஒருத்தர் பணி ஓய்வு பெற்ற பி.டி. (உடற்பயிற்சி) வாத்தியார், சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுக்கிறார். பள்ளிக் கல்வித் துறை நடத்துகிற குடியரசு தினப் போட்டிகளில் பூப்பந்தும் உண்டு, அதுக்கு டீம் தேற்றுவதற்குப் பள்ளிக்கூடங்கள் இவரைத்தான் தேடி வருகின்றன. அவர் முறை வேடிக்கையாக இருக்கும். புதுப் பிள்ளைக்கு முதலில் பேட்டே தர மாட்டார். கோர்ட் நடுவில் நிறுத்தி, நாலு மூலையிலிருந்தும் பந்தை எறிந்து வெறுங்கையால் பிடிக்கச் சொல்வார். பிடிக்கத் தெரிந்த பிறகுதான் பேட், அதுவும் நரம்பு பாதி அறுந்த பழைய பேட். "நடுவில் அடித்தால்தான் போகும் பிள்ளே, ஓரத்தில் அடித்தால் ஓட்டை" என்பார். ரெண்டு வாரத்தில் பிள்ளைகள் பேட்டின் நடுவைக் கண்டுபிடித்துவிடுகின்றன. பெண் பிள்ளைகள் அணி இப்போது ஆண் பிள்ளைகள் அணியைவிட நன்றாக ஆடுகிறது, பொறுமை இருக்கிறது. 35 பாயிண்ட் செட்டில் பொறுமை இல்லாதவன் இருபதைத் தாண்டினதும் தானாகவே தப்பு பண்ணுவான். முன்னால் 29 பாயிண்ட்தான், அப்போது பலசாலிகளுக்குக் காலம் இருந்தது.

இனி குறைகள். வரவு செலவு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம் என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் சொல்வார்கள், ஒட்டினதைப் பார்த்தவர் யாரும் இல்லை. பணத்தைத் தின்றார்கள் என்று நான் சொல்லவில்லை, எழுதி வைக்கிற பழக்கம் இல்லை, அவ்வளவுதான். எல்.இ.டி. விளக்கு நாலில் ஒன்று எப்போதும் எரியாது, வடகிழக்கு மூலையில் மஞ்சள் பந்து ஒரு நொடி காணாமல் போய் மூக்குக்கு நேராக வரும். பூப்பந்து பேட் செங்கோட்டைக் கடைகளில் வாங்க முடியாது, தென்காசியில் சொல்லிவைத்து வாங்க வேண்டும், கிளப்பே மொத்தமாக வாங்கி விற்கலாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் நடக்கவில்லை. ஆறு மணிக்கு மேல் பெருசுகள் கோர்ட்டைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார்கள், ஒரு செட் முடிந்து அடுத்த செட்டும் அவர்களே. புதிதாகச் சேர்கிறவர் அஞ்சு மணிக்கே போய் நின்றால்தான் இடம்.

சேருகிறதாக இருந்தால் ஜனவரியில் சேருங்கள். ஜனவரி முதல் மே வரைக்கும் தரை கெட்டியாக இருக்கும், அஞ்சு மாதம் முழுசாக ஆடலாம். ஏப்ரலில் போய்ப் பணம் கட்டினால் கட்டின கையோடு சாரல் வந்துவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையும் அவ்வப்போது கெடுக்கும். ஷூவுக்கு அடியில் பிடிப்பு நன்றாக இருக்கட்டும், செம்மண் காய்ந்தால் மேலே பொடி நிற்கும், ஓடிப்போய் நின்றால் வழுக்கும். பெண் பிள்ளைகளைச் சேர்க்கிறவர்கள் சேர்க்கும்போதே கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். பக்கத்து வீட்டைக் கைகாட்டுவார்கள். அதுதான் இப்போதைக்கு நிலைமை. அந்த வீட்டு அம்மா நல்லவர், முகம் சுளிக்காமல் கதவைத் திறக்கிறார், ஆனால் இத்தனை பிள்ளைகளுக்கு அது ஏற்பாடு ஆகாது. நான் ஒருத்தன் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, சந்தா கட்டுகிறபோது பத்துப் பெற்றோர் கேட்டால் கமிட்டி கட்டித்தான் ஆக வேண்டும்.