மிகுபுனைவு எழுத்தாளர்களுக்கான இணைய எழுத்தறை: ஓராண்டுச் சந்தாவுக்குப் பின்

மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுதுபவர்களுக்கென்றே நடத்தப்படும் இணைய எழுத்தறை ஒன்றில் ஓராண்டுச் சந்தா கட்டி, அது முடியும் தறுவாயில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இதே அச்சில் வார்த்த சேவைகள் இன்று பல இருப்பதாலும், என் மனக்குறைகளில் சில நிர்வாகத்துடன் இன்னும் பேசித் தீராதவை என்பதாலும் பெயரைத் தவிர்க்கிறேன். அமைப்பு எளிமையானது. குறித்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் காணொளி அழைப்பில் கூடுகிறோம். நெறியாளர் கடிகாரத்தை ஓடவிட்டதும் எல்லோரும் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு 25 நிமிடம் எழுதுகிறோம். பிறகு இடைவேளை; நான் சேர்ந்தபோது அது 10 நிமிடம். இப்படி நான்கு சுற்றுகள். வாரம் ஒருமுறை, ஒருவர் எழுதிய அத்தியாயத்தை மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்லும் அமர்வும் உண்டு.

25 நிமிடக் கணக்கு இவர்கள் கண்டுபிடித்ததன்று. பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவிலான சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துத் தனக்கென வகுத்துக்கொண்ட முறை அது. அவர் இடைவேளைக்கு 5 நிமிடமே ஒதுக்கினார்; அதை இங்கே இரட்டிப்பாக்கியவர் யாராயினும் எழுதுபவர்களின் சுபாவம் அறிந்தவர். எழுதும் நேரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பதினொரு பேர் தலைகுனிந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் கைப்பேசியை எடுக்கக் கை கூசுகிறது. கட்டிய பணத்திற்கு அந்தக் கூச்சமே போதும்.

சுற்று முடிந்ததும் எழுதிய சொற்களின் எண்ணிக்கையைப் பொதுப் பலகையில் இட வேண்டும் என்ற விதிதான் எனக்கு உவப்பில்லை. 1999இல் 21 பேருடன் தொடங்கி உலகெங்கும் பரவிய நானோரைமோ என்னும் நாவல் எழுதும் மாதம், 30 நாளில் 50,000 சொற்கள், அதாவது நாளொன்றுக்கு 1,667 என்ற இலக்கைப் பலர் மனத்தில் ஆணியடித்துவிட்டது. அந்த அமைப்பு 2025இல் மூடப்பட்ட பிறகும் இலக்கு மட்டும் சாகவில்லை. ஆங்கிலத்துக்கு ஆறேழு சொற்கள் தேவைப்படுவதைத் தமிழ் ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடும் என்பதைப் பலகை அறியாது. ஆகவே அதில் நான் நிரந்தரமாகக் கடைசி வரிசை.

இந்தச் சேவையின் உண்மையான சரக்கு இடைவேளைகளில்தான் இருக்கிறது. வேறு எந்தச் சபையில் கேட்டாலும் ஒரு மாதிரியாகப் பார்க்கக்கூடிய கேள்விகளை இங்கே யாரும் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஒரு கையால் வீசும் வாள் பத்துக் கிலோ இருக்கலாமா?’ என்று ஒருவர் கேட்டால், ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும் என்று இன்னொருவர் சொல்லி, பத்துக் கிலோவைத் தூக்கி ஓங்குவதற்குள் எதிரி வந்த வேலையை முடித்துவிடுவான் என்று சேர்த்துக்கொள்வார். ஓர் அம்மையார் தம் உலகின் வரைபடத்தைத் திரையில் காட்டியபோது, மலையில் தோன்றிய ஒரே ஆறு சமவெளியில் மூன்றாகப் பிரிந்து மூன்று கடல்களுக்குப் போயிற்று. ஆறுகள் இறங்கும் வழியில் ஒன்றுடன் ஒன்று கூடுமே தவிர, கழிமுகத்தை நெருங்கும் முன் பிரிவது அரிது என்று சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. அடுத்த வாரம் நடு ஆற்றை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மன்னர் வெட்டிய கால்வாய்களாக்கிக்கொண்டு வந்தார். கால்வாய் வெட்டியவர்களின் பேரன் இப்போது அவருடைய கதாநாயகன்.

இன்னொரு நாள், தூதன் ஒருவனை ஒரே குதிரையில் ஒரே இரவில் 300 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார் ஓர் இளைஞர். குதிரையேற்றம் பழகிய உறுப்பினர் ஒருவர், நல்ல குதிரையும் நல்ல பாதையும் அமைந்தாலும் நாளொன்றுக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால்தான் மறுநாளும் அந்தக் குதிரை நடக்கும் என்றார். 1860இல் அமெரிக்காவில் தொடங்கிய போனி எக்ஸ்பிரஸ் அஞ்சல் சேவை, ஏறத்தாழ 3,100 கிலோமீட்டரைப் பத்து நாளில் கடந்தது, பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை குதிரையை மாற்றியதால்தான் என்று நான் நினைவூட்டினேன். அவ்வளவுதான், பேச்சு குதிரை மாற்றும் நிலையங்களுக்குத் தாவியது. அங்கே புல்லுக்கு யார் பொறுப்பு, லாயக்காரனுக்குக் கூலி யார் கொடுப்பது, எதிரி அவனை விலைக்கு வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்று போய்க்கொண்டிருக்கும்போதே கடிகாரம் ஒலித்துவிட்டது. அந்த இளைஞர் அன்றைய அடுத்த சுற்றில் எழுதியது முழுவதும் லாயக்காரனைப் பற்றித்தான். தூதன் எங்கே போனான் என்று இன்றுவரை தெரியவில்லை.

வாராந்திரக் கருத்தமர்வு பற்றி எனக்கு இரு மனம். 1956இல் டேமன் நைட், ஜேம்ஸ் பிளிஷ், ஜூடித் மெரில் ஆகிய அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் பென்சில்வேனியா மாநிலத்து மில்ஃபோர்டில் தொடங்கிய எழுத்தாளர் கூடுகையில் உருவாகி, 1968 முதல் கிளாரியன் எழுத்துப் பட்டறையின் வழியே பரவிய முறையை இங்கே பின்பற்றுகிறார்கள். வட்டமாக ஒவ்வொருவரும் தமக்குரிய சில நிமிடங்களில் பேசுவர். எல்லோரும் முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. என் நாவலில் மந்திரம் சொல்பவர் தம் நினைவுகளில் ஒன்றை இழக்க வேண்டும் என்பது விதி. அதை நான் எங்குமே எழுதவில்லை, எனக்குத் தெரிந்ததால் வாசகருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன் என்பது, ஐந்து பேர் வரிசையாக ‘அந்தக் கிழவர் ஏன் மகளின் பெயரை மறந்தார்?’ என்று கேட்டபோதுதான் உறைத்தது. பதில் சொல்ல அனுமதி இருந்திருந்தால் முதல் ஆளிடமே விளக்கம் கொடுத்துத் தப்பித்திருப்பேன்.

ஆனால் இந்த முறை சிறுகதைக்குப் பொருந்துவதுபோல், மூன்று பாகம் நான்கு பாகம் என்று நீளும் மிகுபுனைவு நாவலுக்குப் பொருந்துவதில்லை. முப்பத்து நான்காம் அத்தியாயத்தை, போன வாரம் சேர்ந்தவர் படித்துவிட்டு ‘இந்த இளவரசி யார்?’ என்று தொடங்கினால் மூன்று நிமிடமும் வீண். முன்கதைச் சுருக்கம் ஒரு பக்கம் இணைக்க வேண்டும் என்று விதி வைத்தால் பாதி தீர்ந்துவிடும். எழுதிக் கேட்டேன், நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது.

அதைவிடப் பெரிய மனத்தாங்கல், மூன்று மாதத்திற்கு முன் இடைவேளையை 5 நிமிடமாகக் குறைத்தது. மூல முறைக்குத் திரும்புகிறோம் என்றும், ஓர் அமர்வில் கூடுதலாக ஒரு சுற்றுக்கு இடம் கிடைக்கும் என்றும் காரணம் சொன்னார்கள். பலகையில் எண்கள் ஏறின என்பதை மறுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒருவர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடுகிறது. ‘பிறகு பேசலாம்’ என்பது அறையின் தாரக மந்திரம் ஆகிவிட்டது. இரவு அமர்வின் நெறியாளர் மட்டும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தை ஓடவிட ‘மறந்து’ போகிறார். அவருக்காகவே இரவு அமர்வுகளுக்கு மட்டும் ஆறு மாதச் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன். தனிமையில் எழுதிப் பழகியவர்களுக்கும் ஒழுங்கு மட்டுமே வேண்டியவர்களுக்கும் காலை அமர்வு ஏற்றது. குறை சொல்ல மாட்டார்கள்.

நேற்றிரவு அறை மூடிய பிறகும் நால்வர் தனி அழைப்பில் இருந்தோம். இரண்டு நிலாக்கள் உள்ள உலகில் ஒரு திருடனுக்குக் கும்மிருட்டு தேவைப்பட்டது. ஒரு நிலாவின் அமாவாசை 28 நாளுக்கு ஒருமுறை, மற்றதன் அமாவாசை 35 நாளுக்கு ஒருமுறை என்றால் இரண்டும் ஒன்றாக வர 140 நாள் ஆகும். போன இரட்டை அமாவாசையை வைத்துப் பார்த்தால் அவன் இன்னும் 112 நாள் மதிலடியில் காத்திருக்க வேண்டும். எழுதியவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது அதுவரை வாயே திறக்காத ஒருவர், மூன்றாம் பிறை முன்னிரவிலேயே மறைந்துவிடுமே, நள்ளிரவுக்கு மேல் போகச் சொல்லுங்கள் என்றார்.