உங்கள் ஆயிலைத்தான் லேபுக்கு அனுப்புகிறார்களா?

"ஆயிலை லேபுக்கு அனுப்பி இன்ஜின் கண்டிஷன் பார்த்துத் தருகிறோம்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், பாட்டிலில் ஆயில் பிடிக்கிற அந்த ரெண்டு நிமிஷம் பக்கத்திலேயே நில்லுங்கள். நான் டீ கிளாஸோடு பத்தடி தள்ளி நின்றேன். அதற்கு 86,000 ரூபாய் அழ இருந்தேன்.

கார் 2015 மாடல், 1.3 டீசல். செகண்ட் ஹாண்டில் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. போன கார்த்திகையில் ஆயில் மாற்ற, கோவையில் ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். (1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைனில் புகார் போயிருக்கிறது. அது முடிகிறவரை பெயர் போடுவதாக இல்லை.) சூப்பர்வைசர்தான் ஆரம்பித்தார். "லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சுங்க சார். ஆயில ஒரு டெஸ்ட் குடுத்துட்டா இன்ஜினுக்கு பிளட் டெஸ்ட் எடுத்த மாதிரி." 2,800 ரூபாய். யோசனை நல்ல யோசனைதான், இப்போதும் அதைக் குறை சொல்ல மாட்டேன். இன்ஜினுக்குள் எது தேய்ந்தாலும் அந்த உலோகம் ஆயிலில் வந்துவிடும். லைனர் தேய்ந்தால் இரும்பு, பிஸ்டன் என்றால் அலுமினியம், பேரிங் என்றால் செம்பும் ஈயமும். பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, லேப் சொல்லிவிடும்.

நடந்தது இதுதான். காரை லிப்டில் ஏற்றி, ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, என் ஆயில் முழுக்க வடிந்து, அது மூலையில் இருந்த டிரம்முக்கும் போய்விட்டது. அதற்கப்புறம்தான் சூப்பர்வைசர், "லேபுக்கு எடுத்தியாடா?" என்று குரல் கொடுத்தார். அந்தப் பையன் திருதிருவென முழித்தான். பெஞ்சுக்கு அடியில் கிடந்த ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை எடுத்தான், போர் பைப்பில் ஒரு அலசு அலசினான், ரெண்டு உதறு உதறினான். பக்கத்தில் அடுத்த வண்டி நிற்கிற இடத்தில், வடித்த ஆயிலோடு ஒரு டிரே இருந்தது. அதில் முக்கி எடுத்தான். பாட்டிலின் வெளிப்பக்கம் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எல்லாம் என் கண் முன்னால்தான். என்ன பார்க்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வண்டி நம்பர் எழுதி ஒட்டியதும் நானே அதைப் போட்டோ வேறு எடுத்து வைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. சோடியம் 140 பிபிஎம், சிலிக்கான் 48, தண்ணீர் 0.3 சதவீதம். எல்லாம் சிவப்பு மை. ஓனரே போன் பண்ணினார். "கூலன்ட் ஆயில்ல கலக்குதுங்க சார். ஹெட் கேஸ்கட் போயிருச்சு. தூசியும் உள்ள போயிருக்கு. இப்படியே ஓட்டுனா இன்ஜின் சீஸ் ஆயிரும்." கூலன்ட் என்பது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்; அது ஆயிலில் கலக்காமல் இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் அடைத்து நிற்பதுதான் ஹெட் கேஸ்கட். எஸ்டிமேட் 86,000. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

காலையில் முதல் வேலையாக பானட்டைத் திறந்தேன். கூலன்ட் டேங்கில் அளவு மேக்ஸ் கோட்டிலேயே நிற்கிறது. ஒன்றரை வருஷத்தில் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. கூலன்ட் கலந்தால் ஆயில் ஊற்றுகிற மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படியுமே, அது இல்லை. வெள்ளைப் புகையும் இல்லை. அப்புறம்தான் ரிப்போர்ட்டைச் சிவப்பில் இல்லாத வரிகளோடும் சேர்த்து உட்கார்ந்து படித்தேன்.

நான் ஊற்றியிருந்தது 5டபிள்யூ-30. 30 கிரேடு ஆயில் என்றால் 100 டிகிரியில் அதன் பிசுபிசுப்பு 9.3-க்கும் 12.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 14.6. அது 40 கிரேடு கணக்கு. டீசல் வண்டியில் கரி சேர்ந்தால் ஆயில் கெட்டியாகும் என்பது உண்மைதான். ஆனால் அதே ரிப்போர்ட்டில் கரி வெறும் 0.1 சதவீதம்! 9,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் ஆயிலில் கரியே இல்லையாம். போட்டோவை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டிலில் இருப்பது கட்டஞ்சாயா நிறம். பின்னால் இருந்த டியூப்லைட் வெளிச்சம் அதில் ஊடுருவித் தெரிகிறது. டீசல் வண்டி ஆயில் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) எப்படி மை மாதிரி ஒட்டும் என்று வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இது யாரோ ஒருவருடைய பெட்ரோல் வண்டி ஆயில்.

சோடியமும் தண்ணீரும்? பையன் சரியாக உதறாமல் பாட்டிலில் விட்ட போர் தண்ணீர்தான் அந்தத் தண்ணீர். ஆனால் அந்தத் துளித் தண்ணீரில் இவ்வளவு சோடியம் வராது, அது டிரேயில் இருந்த அந்த ஆயிலோடுதான் வந்திருக்க வேண்டும். திறந்து கிடந்த டிரேயில் விழுந்த மண்தான் சிலிக்கான். கூலன்ட்டிலும் சோடியம் உண்டு என்பதால் ஹெட் கேஸ்கட் கதை அப்படியே பொருந்திப் போய்விட்டது.

லேபுக்கு போன் அடித்தேன். பேசிய அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "பாட்டில்ல என்ன வந்துச்சோ அதத்தான் சார் நாங்க டெஸ்ட் பண்ண முடியும்." நியாயம்தானே.

நிஜமான நஷ்டம் எது தெரியுமா? என் பழைய ஆயில் போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது. புது ஆயிலில் 3,000 கிலோமீட்டர் ஓட்டி முடிக்கிறவரை, ஏறக்குறைய மூன்று மாசம், ஒவ்வொரு சிக்னலிலும் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

ரெண்டாவது தடவை நானே எடுத்தேன். கையால் இழுக்கிற சின்ன வாக்குவம் பம்ப், புது டியூப், லேபிலிருந்தே வரவழைத்த 100 மில்லி பாட்டில். இருபது நிமிஷம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிவிட்டு ஆஃப் பண்ணினேன். அடியில் படிந்தது மேலே கலந்து வர வேண்டும், அதற்குத்தான் இந்த ஓட்டம். டியூபை டிப்ஸ்டிக்கோடு சேர்த்துப் பிடித்து அளந்து, அதைவிடக் கொஞ்சம் மட்டும் நீளமாக ஒரு அடையாளம் போட்டு, டிப்ஸ்டிக் ஓட்டை வழியாக இறக்கினேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பின் அடியைத் தொட்டால் மண்டிதான் வரும். முதலில் வந்த கொஞ்சத்தைக் கொட்டிவிட்டு அப்புறம்தான் பாட்டிலை மாட்டினேன். போல்ட் வழியாகப் பிடிப்பதென்றாலும் இதே கதைதான். முதலில் வருவதை ஓடவிட்டு, நடு ஓட்டத்தில் பாட்டிலை நீட்ட வேண்டும், கடைசிச் சொட்டுகளும் வேண்டாம். மூடியை உடனே இறுக்கி, ஆயில் கிரேடு, அந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர், நடுவில் டாப்-அப் செய்ததா என்று எழுதி அனுப்ப வேண்டும். ஒர்க்‌ஷாப் அனுப்பிய படிவத்தில் இந்த இடமெல்லாம் காலி.

சோடியம் 4. சிலிக்கான் 8. தண்ணீர் இல்லை. பிசுபிசுப்பு 10.7. கரி 0.6.

ரெண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பையன் என்னைப் பார்த்ததும் ஒரு வண்டிக்கு அடியில் போய்விட்டான். அவனைத் திட்ட மனசு வரவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்காததை எப்படிச் செய்வான்? ஓனர் ரெண்டு தாளையும் புரட்டிப் பார்த்தார்.

"இது நீங்களா எடுத்ததுங்க சார். இத எப்படி நம்பறதுங்க?"

2,800-ஐத் திருப்பிக் கேட்டேன். வாசல் வரை கூட வந்தார். "கோவிச்சுக்காதீங்க. ஹெட் வேலைய நம்மகிட்டயே குடுங்க, லேபர்ல பத்து பர்சன்ட் கொறச்சுக்கலாம்."