பரல் ஸ்மோக்கர் வாங்கப் போகிறவர்கள் முற்பணம் கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஏ9 வீதியோரம் ஒரு வெல்டிங் கடையில் 200 லீற்றர் பரலை வெட்டிக் கரி ஸ்மோக்கர், அதாவது இறைச்சியைப் புகையில் ஆறுதலாக வேகவைக்கிற மூடியுள்ள அடுப்பு, செய்து விற்கிறார்கள். கடைப் பெயரை எழுதவில்லை, எழுதினால் வேறு பிரச்சினை. கறுப்புப் பெயின்ற், மூடியில் வெப்பமானி, மரப்பிடி என்று பார்க்க வடிவாக இருந்ததில் விழுந்துவிட்டேன். 38,000 ரூபா. அதில் 30,000 முற்பணம். கரியும் அந்தக் கடைக்காரரிடமே இரண்டு மூட்டை.

அக்கா மகனின் பிறந்தநாளுக்கு 30 பேருக்குச் சமைப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆறு கோழி, நாலு கிலோ பன்றி இறைச்சி. உப்பு, மிளகு, உள்ளி, தேசிக்காய்ப்புளி பூசி முதல் நாளே ஊறவைத்தாயிற்று. காலை 9 மணிக்கு மூட்டினேன். புகை என்றால் அப்படிப் புகை, மாரியில் ஈரவிறகு வைத்த அடுப்பு மாதிரி வெள்ளையாகக் கிளம்பிப் பக்கத்து வளவு முழுக்கப் பரவ, அந்த வீட்டு அன்ரி காயப்போட்ட உடுப்பை அள்ளிக்கொண்டு ஓடினார். மூடியில் முள் 120 பாகை காட்டியது. ஆறுதலாகப் புகையில் வேகிற இறைச்சிக்கு 110, 120 போதும் என்று தெரிந்திருந்தபடியால் நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஒரு மணிக்குக் கோழித் தொடையைக் கீறினால் வெளியில் பழுப்பு, எலும்போடு பச்சை இரத்தம். மச்சான் கொண்டுவந்த குத்திப் பார்க்கிற வெப்பமானி 51 காட்டியது. கோழி உள்ளே 74 பாகைக்கு வந்தாக வேண்டும். 5 இலிருந்து 60 வரையான சூட்டில்தான் கிருமி பெருகும், நாங்கள் நாலு மணித்தியாலமாக இறைச்சியை அதற்குள்ளேயே வைத்திருந்திருக்கிறோம். கறியாக்கித் தப்ப முடியாதா என்று அக்கா கேட்டார். சில கிருமிகள் விடுகிற நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. கிடங்கு வெட்டி எல்லாவற்றையும் தாட்டோம். வந்தவர்களுக்குக் கடைக் கொத்துரொட்டி.

அடுத்த நாள் வெப்பமானியைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் பிடித்தேன். 100 காட்ட வேண்டியது 155 இல் போய் நின்றது! அப்படியென்றால் 120 என்று முள் சொன்னபோது உள்ளே 65, 70 தான் இருந்திருக்கும். பரலின் கீழே காற்றுப் போக ஒரேயொரு துளை, அதற்குள் சுண்டுவிரல்கூட நுழையாது. கரிக்குக் கம்பிக்கூடை இல்லை, நேரே அடித்தகட்டில் கொட்டச் சொன்னார், கொஞ்ச நேரத்தில் சாம்பல் விழுந்து அந்த ஒற்றைத் துளையும் அடைபட்டுவிடும். மேலே புகை வெளியேறவும் வழி காணாது. மேலால் புகை இழுபட்டால்தான் கீழால் காற்று வரும், காற்று வந்தால்தான் கரி தணலாகும். ஊதுகுழல் பிடித்த எந்த அம்மாவுக்கும் இது தெரியும்.

கரி அதைவிடக் களவு. மூட்டையின் மேலே கைமுட்டி அளவில் நல்ல கரி, பாதிக்குக் கீழே கரியாகாத கொள்ளிக்கட்டை, அதுக்கும் கீழே தூள். அந்த வெள்ளைப் புகை கொள்ளிக்கட்டையின் வேலை. போதாததற்கு ஈரம். கரி தண்ணீரை உறிஞ்சும், நிறுத்து விற்கிறவருக்கு இலாபம், எரிக்கிறவனுக்கு அந்த ஈரம் போய்முடியும் வரை சூடு ஏறாது.

கடைக்குப் போனேன். "புகை வருதுதானே அண்ணை, பிறகென்ன?" என்றார். எங்கள் அப்பம்மாவும் அடுப்புக்கு மேலே இறைச்சி வத்தல் தொங்கவிட்டவர்தான், ஆனால் மெல்லிசாக வெட்டி, உப்புப் போட்டு, காயவைத்து, பிறகு சட்டியில் கொதிக்கக் கொதிக்கக் கறியாக்கித்தான் தருவார். புகை காட்டுவது வேறு, வேகவைப்பது வேறு. அதைச் சொல்ல, "நீங்கள் மூடியைத் திறந்து திறந்து பாத்திருப்பியள்" என்றார். இரண்டு தரம் திறந்தேன், உண்மைதான். பாவித்த சாமானுக்குக் காசு திருப்பித் தரமாட்டாராம். ரசீது கேட்டு வாங்காதது என் பிழை.

கடைசியில் பரந்தனில் உழவு மெசின் திருத்துகிற தம்பி ஒருவர் 4,500 ரூபாவுக்குச் சரிப்படுத்தித் தந்தார். கீழே ஒன்றரை அங்குலத்தில் மூன்று துளை, ஒவ்வொன்றுக்கும் திறந்து மூடத் தகடு, மூடியில் இரண்டு அங்குலக் குழாய், அடியிலிருந்து நாலு அங்குலம் உயர்த்திக் கரிக்கூடை. சிரட்டைக்கரி வாங்கி, துளைபோட்ட பெரிய பால்மா ரின்னுக்குள் மூட்டி, மேற்கரி வெளுத்த பிறகு கூடையில் கொட்டினேன். அரை மணித்தியாலத்தில் இறைச்சித் தட்டில் 125, துளையை மூடிக் குறைக்க வேண்டியதாகிவிட்டது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடை வாசலிலேயே மூட்டிக் காட்டச் சொல்லுங்கள், வெப்பமானியை நீங்களே கொண்டுபோங்கள், கரிமூட்டையைக் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். மாட்டேன் என்றால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். போன கிழமை அந்தப் பக்கம் போனபோது புதுப் பெயின்றோடு நாலு பரல் வெளியே நின்றது. நெருப்பே காணாத ஒன்றின் மூடியில் முள் 80 காட்டிக்கொண்டிருந்தது.