எபிஃபோன் 335-ஐ ஏன் எடுத்தேன்: கைக்கு எட்டும் விலையில் செமி-ஹாலோ கிட்டார்கள்

அண்மையில் ஒரு செமி-ஹாலோ எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். எபிஃபோன் இ.எஸ்-335. வாங்கியதிலிருந்து கூட வாசிப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ஐபனேஸ் இதைவிட மலிவாச்சே, கிரெட்ச் இதைவிட அழகாச்சே, எதுக்கு இது?" ஓசைக்காகவோ பெயருக்காகவோ எடுக்கவில்லை. ரிப்பேரை மனதில் வைத்து எடுத்தேன். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

இதற்கு மூலமான கிப்சன் கம்பெனியின் அசல் 335 இந்தப் பேச்சில் வராது. அது 3000 டாலருக்கு மேல். நம்மில் பலருக்கு எட்டுவது அரை லட்சம் ரூபாயைச் சுற்றி, கொஞ்சம் முன்பின்னாகத்தான். அந்த வட்டத்துக்குள் நான் தேடியபோது திரும்பத் திரும்ப வந்து நின்றவை நான்கு: எபிஃபோன் இ.எஸ்-335, ஐபனேஸ் ஏ.எஸ் 73, கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனர் ஜி2622, எபிஃபோன் கேசினோ. கேசினோவின் விலை மற்ற மூன்றையும்விடச் சற்றுக் கூடுதல். ஆனாலும் எல்லாரும் அதைக் கேட்பதால் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் ஹாலோவா, செமி-ஹாலோவா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். முழு ஹாலோ உடல் உள்ளே வெறும் பெட்டி. ஆம்பிலிருந்து, அதாவது ஆம்ப்ளிஃபையரிலிருந்து, வரும் சத்தம் மேல்பலகையை அதிர வைக்கும், பலகை கம்பியை அதிர வைக்கும், கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் அந்த அதிர்வை மின்சிக்னலாக வாங்கி மறுபடி ஆம்புக்கு அனுப்பும். சத்தம் கூடக் கூட இது ஊளையாக மாறும். அதைத்தான் ஃபீட்பேக் என்கிறோம். இதைத் தடுக்க உடலின் நடுவே நீளவாட்டில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு இரண்டு பக்கமும் வெற்றிடமாக விட்டால் அது செமி-ஹாலோ. 1940-ஐ ஒட்டி கிட்டார் கலைஞர் லெஸ் பால் ஒரு பைன் கட்டையில் கழுத்தைப் பொருத்தி, எபிஃபோன் கிட்டார் ஒன்றை இரண்டாக அறுத்து அதன் இருபுறமும் ஒட்டிப் பார்த்தார். நியூயார்க்கில் இருந்த எபிஃபோன் பட்டறையில்தான் அதைச் செய்தார். அப்போது எபிஃபோன் தனிக் கம்பெனி. 1957-ல் அது கிப்சன் கைக்குப் போனது. அடுத்த வருஷமே, அதன் தலைவர் டெட் மெக்கார்ட்டி காலத்தில் கிப்சன் 335-ஐ இறக்கியது. புளூஸ் கலைஞர் பி.பி. கிங் ஃபீட்பேக்குக்குப் பயந்து தன் கிட்டாரின் எஃப் ஹோல்களில், அதாவது மேல்பலகையில் 'f' வடிவில் இருக்கும் துளைகளில், துணி அடைத்து வாசித்தவர். 1980-ல் கிப்சன் அவர் பெயரில் செய்த லூசில் மாடலில் எஃப் ஹோலே கிடையாது.

இந்தக் கிட்டார்களின் உடல் பிளைவுட் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1958-ன் அசல் 335-ன் உடலும் அடுக்குப் பலகைதான்: மேப்பிள், நடுவில் பாப்ளர், மறுபடி மேப்பிள். இந்த வகைக் கிட்டாரில் அது சிக்கனத்துக்காகச் செய்த சமரசம் அல்ல. விறைப்பு வேண்டித்தான் அப்படிச் செய்கிறார்கள். கடலோர ஊரில் வைத்திருப்பவருக்கு வெடிப்பு பயமும் குறைவு.

இனி கேசினோ. 1961-ல் வந்தது, முழு ஹாலோ, பி-90 பிக்கப். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1964-ல் ஒன்று வாங்கினார், லெனனும் ஹாரிசனும் பின்னாலேயே வாங்கினார்கள். லெனன் தன்னுடையதன் பாலிஷை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் மரத்தோடு வாசித்தார். வீட்டில் ஆம்ப் போடாமலே வாசித்தாலும் அழகாகப் பேசும் கிட்டார் இது. ஆனால் நம் ஊர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். எர்த்திங் சரியாக இருக்காது, பின்னால் எல்.இ.டி திரை, பக்கத்தில் டிம்மர். பி-90 ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால் கரண்டின் இரைச்சலை அப்படியே உள்ளே இழுக்கும். டிரம்ஸ் மானிட்டர் பக்கத்தில் நின்றால் ஃபீட்பேக் வேறு. கழுத்து 16-வது ஃபிரெட்டிலேயே உடலோடு சேர்ந்துவிடுவதால் மேல் ஸ்தாயியில் கை முட்டும். ரிக்கார்டிங் அறைக்கும் சின்ன ஹாலுக்கும் என்றால் நானும் இதைத்தான் சொல்வேன். பெரிய மேடையில் நான் இதை வாசித்ததில்லை. அங்கே சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்பது நல்லது.

ஐபனேஸ் ஏ.எஸ் 73-ஐப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆர்ட்கோர் வரிசை 2002-லிருந்து வருகிறது. நான்கில் விலை குறைந்தது இதுதான். கழுத்து மெலிசு. முதல் தடவை செமி-ஹாலோ எடுப்பவர், அதிலும் ஸ்ட்ராட் மாதிரி சாலிட் பாடி (உள்ளே வெற்றிடமில்லாத) கிட்டாரிலிருந்து வருபவர், இதைக் கையில் எடுத்த உடனே வாசிக்க ஆரம்பித்துவிடுவார். கழுத்துப் பக்கப் பிக்கப்பில் டோனைப் பாதிக்குக் குறைத்தால் உருண்டையான ஜாஸ் ஓசை வரும். பிரிட்ஜ் பக்கம் மட்டும் எனக்குக் கொஞ்சம் மங்கலாகப் பட்டது. அது காதைப் பொறுத்த விஷயம். கையில் இருக்கும் பணம் குறைவு, உடனே வேண்டும் என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம், இதை எடுங்கள்.

கிரெட்ச் ஜி2622 கடையில் நின்றபோது என்னை மிகவும் அசைத்தது. 1883-ல் புரூக்ளினில் தொடங்கிய பெயர். இந்த ஸ்ட்ரீம்லைனர் வரிசை 2016-ல் வந்தது, இந்தோனேசியாவில் செய்வது. பிராட்'ட்ரான் பிக்கப் கொஞ்சம் ஓவர்டிரைவ் கொடுத்தால் மற்ற மூன்றிலும் இல்லாத ஒரு முரட்டுத்தனம் காட்டும். ஆனால் அதன் நாப்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கீழ்ப்பக்கம் மூன்று நாப், கழுத்தருகே உடல் குடைந்திருக்கும் கட்அவே கொம்பில் தனியாக மாஸ்டர் வால்யூம், பிக்கப் சுவிட்ச் எதிர்ப்பக்க மேல் தோளில். வாசிக்கும் கைக்கு இது வசதிதான். சுண்டுவிரலால் மாஸ்டர் வால்யூமைத் திருப்பிக்கொண்டே வாசிக்கலாம். ஆனால் உள்ளே வயர் உடலின் மூன்று மூலைக்கும் ஓடுகிறது என்று அர்த்தம்.

இங்கேதான் என் முடிவு திரும்பியது. சாலிட் பாடி கிட்டாரில் ஒரு பாட் (நாப்புக்குக் கீழே இருந்து வால்யூமையோ டோனையோ கூட்டிக் குறைக்கும் பாகம்) கரகரத்தால் பின்மூடியின் ஸ்குருவைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, நாப்பைப் பத்துப் பதினைந்து தடவை திருப்பினால் வேலை முடிந்தது. இந்த வகைக் கிட்டார்களில் பெரும்பாலும் பின்மூடியே கிடையாது. எல்லாவற்றையும் எஃப் ஹோல் வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும், அதே வழியாகத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி ஊர்களில் உப்புக்காற்று பாட்டையும் கேபிள் சொருகும் ஜாக்கையும் சுவிட்சையும் சும்மா விடாது. வருஷங்கள் போனால் யாராக இருந்தாலும் ஒரு தடவையாவது உள்ளே கை வைத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே வாங்கும்போதே அந்த நாளை நினைத்து வாங்க வேண்டும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் எஃப் ஹோலின் விளிம்பைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷ் கீறிவிடும். நாப்களை எடுத்து, ஒவ்வொரு பாட்டின் தண்டிலும் மீன்தொட்டிக்குப் போடுகிற மெல்லிய ரப்பர் ட்யூபை இறுக்கமாக மாட்ட வேண்டும். பிறகு நட்டைக் கழற்றி, பாட்டை உள்ளே இறக்கி, எஃப் ஹோல் வழியாக மெதுவாக இழுக்க வேண்டும். ட்யூபின் மறுமுனை துளைக்கு வெளியே தொங்கிக்கொண்டே இருக்கும். திரும்பப் போடும்போது அதைப் பிடித்து இழுத்தால் பாட் தன் துளைக்கே வந்து நிற்கும். எந்த ட்யூப் எந்தத் துளை என்று பேனாவால் குறித்துவைக்காவிட்டால் வால்யூமும் டோனும் இடம் மாறும்.

ஜாக் இன்னும் முக்கியம். நட் தளர்ந்ததும் பலர் வெளியிலிருந்து சும்மா இறுக்குவார்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றும், வயர் முறுக்கி அறுந்துவிடும். பிளக்கைப் பாதி சொருகி ஜாக் சுற்றாமல் பிடித்துக்கொண்டு இறுக்குவதுதான் பாதுகாப்பு. ஜாக் உள்ளேயே விழுந்துவிட்டால் பழைய முதல் கம்பி ஒன்று போதும். ஜாக்கை எஃப் ஹோல் வழியாக வெளியே எடுத்து, கம்பியின் குண்டு இல்லாத முனையை ஜாக்கின் பின்புறமாக நுழைத்து முன்பக்கம் வெளியே எடுக்க வேண்டும். அந்த முனையை எஃப் ஹோலுக்குள் விட்டு ஜாக் துளை வழியாக வெளியே கொண்டுவந்து இழுத்தால், கம்பியின் மறுமுனையில் இருக்கும் குண்டு ஜாக்கில் தடுத்து, ஜாக்கையும் இழுத்துக்கொண்டு வரும். பல்வாஷர் ஒன்றை ஜாக்குக்குப் போட்டுவிட்டால் அது மறுபடி சுலபமாகத் தளராது.

இப்போது எபிஃபோன் 335, கிரெட்ச், கேசினோ மூன்றையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். எபிஃபோன் 335-ல் நான்கு நாப்களும் பிக்கப் சுவிட்சும் வலக்கைப் பக்க எஃப் ஹோலைச் சுற்றியே இருக்கின்றன. கை நுழையாவிட்டாலும் வளைந்த இடுக்கி நுழையும், சின்ன டார்ச் அடித்தால் பாதி வேலை கண்ணுக்குத் தெரியும். பாட், சுவிட்ச், வயர் சேர்ந்த முழுக் கோவையையும் ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிடலாம். கிரெட்சில் அதையே செய்ய, கொம்பிலிருந்தும் மேல் தோளிலிருந்தும் வரும் வயர்களைச் சால்டரிங் எடுத்துவிட்டு வெளியே இழுக்க வேண்டியிருக்கலாம். நடுக்கட்டை ஒன்று குறுக்கே நிற்கிறது அல்லவா. கேசினோவில் கட்டையே இல்லை, உள்ளே இடம் தாராளம். அந்த ஒரு விஷயத்தில் அது எல்லாவற்றையும் மிஞ்சும்.

அடுத்து பாட்டின் அளவு. இந்த விலைக் கிட்டார்கள் பலவற்றில் 16 மில்லிமீட்டர் சின்னப் பாட்தான் போடுவார்கள், எஃப் ஹோலுக்குள் சுலபமாக நுழையும் என்று. 2020-ல் வந்த எபிஃபோன் 335-ல் சி.டி.எஸ் கம்பெனியின் பாட்கள், அதாவது முழு அளவு. நீடித்து உழைக்கும், திருப்பும்போது வால்யூம் சீராக ஏறி இறங்கும். சின்னப் பாட் உள்ள கிட்டாரில் இதைப் பொருத்த நினைப்பவர்கள் இரண்டை அளந்துகொள்ள வேண்டும். பாட் உங்கள் எஃப் ஹோலில் நுழைகிறதா, பலகைத் துளை போதுமா. சி.டி.எஸ் பாட்டில் நட்டு மாட்டும் மரைக் கழுத்துக்குச் சுமார் 9.5 மில்லிமீட்டர் துளை வேண்டும், சின்னப் பாட்டுக்கு அதைவிடக் குறைவு. துளையைப் பெரிதாக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. சென்னை ரிச்சி தெருவில் பாட் வாங்குபவர்கள் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்புக்கு 500கே, அதாவது 500 கிலோஓம், கேளுங்கள். எழுத்தையும் பாருங்கள். ஆசியத் தயாரிப்புகளில் ஏ என்றால் லாக் (காதுக்குப் படிப்படியாக ஏறுவது), பி என்றால் லீனியர் (மின்தடை ஒரே சீராக மாறுவது). வால்யூமுக்கு பி போட்டால் முதல் திருப்பிலேயே சத்தம் குபீரென்று ஏறும்.

மறுவிற்பனை விஷயத்திலும் 335 என்ற பெயர் உதவும் என்று நம்புகிறேன். இணையத்தில் பழைய கிட்டார் தேடுபவர்கள் அந்த எண்ணைத்தான் தட்டுகிறார்கள். ஆனால் நான் இன்னும் விற்றுப் பார்த்ததில்லை, ஆகவே இதை உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட் இல்லையே என்று சிலர் தயங்குவார்கள். 2017-ல் ரோஸ்வுட் இனங்கள் மொத்தமும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கம்பெனிகள் பலவும் வேறு மரத்துக்கு மாறின. 2019-ல் முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தும் மாற்றம் அப்படியே நின்றுவிட்டது. எபிஃபோனிலும் கிரெட்சிலும் இப்போது இருக்கும் லாரல் நம் காட்டுக் கருமருதுதான். கெட்டியான மரம். காய்ந்து வெளிறினால் துளி லெமன் ஆயில் தடவித் துடைத்தால் போதும். விரலுக்கு எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

எதை எடுத்தாலும் கடையில் இவற்றைச் செய்துவிட்டு எடுங்கள். கேபிளைச் சொருகி, பிளக்கை லேசாக ஆட்டுங்கள், சத்தம் அறுந்து அறுந்து வந்தால் ஜாக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு நாப்களையும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மெதுவாகத் திருப்பிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சுவிட்சின் மூன்று நிலையிலும் ஆறு கம்பியையும் தட்டுங்கள். பிறகு ஆம்பின் சத்தத்தைக் கூட்டி, எதிரே நான்கடியில் நின்று, கம்பிகளைத் தொடாமல் கையை எடுத்துவிடுங்கள். எந்த அளவில் ஊளையிட ஆரம்பிக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால் மேடையில் எங்கே நிற்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். பழையது வாங்குபவர்கள் எஃப் ஹோலுக்குள் டார்ச் அடித்து, வயர்களில் புதுச் சால்டரிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் யார் செய்தது, ஏன் செய்தது என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.