முதுகுவலிக்கென்றே செய்த சேணம் என்று சொன்னால் உடனே வாங்கிவிடாதீர்கள்

கீழ்முதுகில் டிஸ்க் பிதுங்கி, எட்டு மாதம் குதிரை ஏறாமல் இருந்தேன். மருத்துவர் சரி என்றதும் நேராகச் சேணக் கடைக்குத்தான் போனேன். ஆழமான இருக்கை வைத்த புதுச் சேணம், மேலே ஜெல் மெத்தை, சேணத்துக்கு அடியில் தடிமனான பேட், வளையும் அங்கவடி (பாதம் வைக்கும் வளையம்) என்று மொத்தமாக என் தலையில் கட்டினார்கள். "அதிர்வே தெரியாதுங்க" என்றார் விற்றவர். என் குதிரையின் முதுகை அவர் பார்க்கவில்லை. அந்தச் சேணத்தில் என்னை ஒருமுறை உட்கார வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் சொகுசாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் துள்ளோட்டத்தில் பத்து நிமிடம் போவதற்குள் இடது காலில் பழைய மதமதப்பு வந்துவிட்டது. குதிரையும் தலையைத் தூக்கிக்கொண்டு பலகை மாதிரி விறைத்து ஓடியது.

சேணம் பொருத்தத் தெரிந்த ஒரு அம்மாவை வரவழைத்தேன். குதிரை மேல் சேணத்தை வைத்து, இருக்கையில் ஒரு உருண்டைப் பென்சிலைப் போட்டார். அது உருண்டு போய்ப் பின்விளிம்புக்குப் பக்கத்தில் நின்றது. இருக்கையின் தாழ்ந்த இடம் நடுவில் இருக்க வேண்டும். தடித்த பேட் சேணத்தின் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டதால் என் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து கீழ்முதுகு கூன் போட்டிருக்கிறது. ஒவ்வொரு அடியும் அங்கேதான் இறங்கியிருக்கிறது. மேலே போட்ட ஜெல் மெத்தை இருக்கை அளவையும் சுருக்கிவிட்டதால் நகர்ந்து உட்காரவும் இடமில்லை.

இதைவிட மனதை வருத்தியது குதிரையின் நிலை. சேணத்தைக் கழற்றினால் முதுகெல்லாம் வியர்வை, தோளுக்குப் பின்னால் மட்டும் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த திட்டு. அளவாக இருந்த சேணத்துக்கு அடியில் பேட்டைத் திணித்ததும் உள்ளே இருக்கும் சட்டம் அங்கே இறுக்கிப் பிடித்திருக்கிறது. வலியில் குதிரை முதுகை விறைத்துக்கொண்டால் அந்த உதறல் முழுக்க நம் முதுகெலும்புக்கு வரும். எத்தனை ஜெல் போட்டாலும் அதைத் தடுக்க முடியாது. இதைத்தான் அந்த விற்பனையாளர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே, குதிரையைப் பார்க்காமல், நீங்கள் ஓட்டுவதைப் பார்க்காமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். சில நாள் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தர முடியுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை; திருப்பப் போனபோது "குதிரை முடி ஒட்டியிருக்கு, எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். எந்த மாற்றம் செய்வதானாலும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வளையும் அங்கவடியைக் குறை சொல்ல மாட்டேன், முழங்காலுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையில் கைகொடுத்தது ஏறி இறங்கப் போட்ட படிக்கட்டு. தரையிலிருந்து எம்பி ஏறும்போது முதுகு முறுகும், சேணமும் ஒரு பக்கமாக இழுபடும். அந்தத் தொல்லை இப்போது எங்கள் இருவருக்குமே இல்லை. பழைய சேணத்தில் அந்த அம்மா அடித்திணிப்பைச் சரிசெய்து கொடுத்தார். அதில்தான் ஓட்டுகிறேன், இப்போதைக்கு இருபது நிமிடம் மட்டும். புதுச் சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே காதை மடக்கி விலகிய குதிரை, இதைக் கொண்டுபோனால் அசையாமல் நிற்கிறது.